சிடி நுழையாத லேப்டாப்

ஜூன் 3

அண்ணிக்கு,

நான்தான், குண்டூசி. நீங்கள் போகும்போது என் கையில் மட்டும் கொடுத்த முகவரிக்கு எழுதுகிறேன். போன் பண்ணியிருக்கலாம். ஆனால் வீட்டில் இருப்பது அண்ணனுடைய போன். அதுவுமில்லாமல், போனைக் காதில் வைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு உதவி வேண்டும். நீங்கள் விட்டுப்போன லேப்டாப் அலமாரியின் மேல்தட்டில் அப்படியே இருக்கிறது. புத்தகம் அச்சடிக்கும் பிரஸ்காரர் கடையில் ஒரு பக்கம் டைப் அடித்துக் காட்டினேன். பிழை இல்லை என்றார். சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே அடித்துக் கொடுக்கலாமாம். ஜூலை கடைசியில் வேலை ஆரம்பிக்கிறது. அது கிடைக்காவிட்டால் அண்ணன் தன் சிநேகிதருடைய செருப்புக் கடையில் என்னைச் சேர்த்துவிடுவார். அங்கே வருகிறவர்களிடம் அளவு கேட்க வேண்டும், வேறு நிறம் காட்டட்டுமா என்று கேட்க வேண்டும், விலை பேச வேண்டும். வகுப்பில் எழுந்து நின்று ஒரு பாராவை வாசிக்க முடியாமல்தானே ஒன்பதாவதோடு நின்றேன். நான் அங்கே என்ன செய்வேன்?

லேப்டாப்பைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. அதைத் தாமதமின்றித் தெரியப்படுத்தவும். மேற்படி பாஸ்வேர்டு கிடைத்தால் வேறு தொந்தரவு எதுவும் இராது.

குண்டூசி


ஜூன் 11

குண்டூசி,

எழுத்து உன்னுது. கொம்புக்கு ஒரு சுற்று அதிகமா சுழிப்பியே, அதை வச்சு கவரைப் பிரிக்காமலே கண்டுபிடிச்சேன். ஆனா கடைசி ரெண்டு வரி உன்னுது இல்லை. 'மேற்படி பாஸ்வேர்டு.' பதினாறு வயசுப் பொண்ணு எவ இப்படி எழுதுவா? வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தாவா உட்கார்ந்து நாள் பூரா மேற்படி, மேற்கண்டன்னு எழுதுற ஒருத்தர்தான் எழுதுவார். பின்னாடி நின்னு சொல்லச் சொல்ல எழுதினியா, இல்லை நீ எழுதி முடிச்சப்புறம் சேர்க்கச் சொன்னாரா? என் முகவரியையும் காட்டியாச்சா?

பாஸ்வேர்டு தரமாட்டேன். அந்த மூடிக்குள்ள என்ன இருக்குன்னு உன் அண்ணனுக்கு ரொம்ப நாளா தூக்கமில்லை. இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும்.

ஆனா பிரஸ் வேலை நிஜம்னா உன்னைக் கைவிட மனசு வரலை. பாஸ்வேர்டே இல்லாம ஒரு வழி இருக்கு. உள்ளே இருக்கிறதை மொத்தமா அழிச்சிட்டு லினக்ஸ்னு வேற ஒண்ணைப் போடலாம். விண்டோஸ் செய்யற வேலையைத்தான் அதுவும் செய்யும். இலவசம். பழைய மெஷின்லயும் மூச்சு வாங்காம ஓடும். நான் வேலை பார்க்கிற காலேஜ் லேப்ல எல்லா மெஷின்லயும் அதுதான் ஓடுது. இதோட ஒரு சிடி வச்சிருக்கேன். லேப்டாப்ல போட்டு ஆன் பண்ணு. என்ன வருதுன்னு எழுது. நீயே எழுது.

அண்ணி


ஜூன் 18

அண்ணிக்கு,

கடைசி இரண்டு வரி அண்ணன் சொன்னதுதான். நான் எழுதி முடித்ததும் வாங்கிப் படித்துவிட்டு, 'இப்படிக் கெஞ்சினா எவ தருவா, நான் சொல்றதை எழுது' என்றார். எழுதினேன். முகவரியைக் காட்டவில்லை. கவரை நானே ஒட்டி நானே கொண்டுபோய்ப் போட்டேன். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது. உங்கள் சிடி வந்த கவரைப் பார்த்தார். அதில் அனுப்புநர் இடம் வெறுமையாக இருந்ததை நானும் பார்த்தேன்.

சிடியைக் கையில் வைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வலது பக்கம் இழுப்பறை மாதிரி ஒரு மூடி இருந்தது. அழுத்தினேன், அசையவில்லை. ஹேர்பின்னை விட்டு நெம்பினேன். மூடி முழுசாகக் கழன்று மடியில் விழுந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை, தூசி மட்டும். உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு, ரிப்பேர்க் கடை வாசலில் அந்த ஆள் தானாகக் கூப்பிடும்வரை நின்றேன்.

அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். 'நீ எதையும் உடைக்கலை. இந்த மாடலுக்கு சிடி டிரைவே கிடையாது. அந்த இடத்துக்கு வெறும் மூடியைப் போட்டு வித்திருக்கான். இதுக்கு பென் டிரைவ்தான் சரி. யாரும்மா உனக்கு சிடி கொடுத்தது?'

லேப்டாப்பை மறுபடி பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் அதே கேள்விதான் கூட வந்தது. நீங்கள் வருடக்கணக்காக மடியில் வைத்து வேலை பார்த்த லேப்டாப் இது. இதில் சிடி நுழையாது என்று உங்களுக்கா தெரியாது? அண்ணனிடம் சொன்னபோது, 'உன்னை அலைய விட்டு வேடிக்கை பார்க்கிறா' என்றார். நான் அவரை நம்பவில்லை. உங்களை நம்புகிறேன் என்று எழுதவும் கை வரவில்லை.

குண்டூசி


ஜூன் 25

குண்டூசி,

தெரியும். வேணும்னேதான் அனுப்பினேன்.

உன் அண்ணன் பின்னாடி உட்கார்ந்திருந்தா, 'சிடியைப் போட்டுப் பார்த்தோம், பலனில்லை, மேற்படி பாஸ்வேர்டை அனுப்பவும்'னு பதில் வந்திருக்கும். அவர் அந்த லேப்டாப்பை முறைச்சிருக்கார், ஒரு தடவை சுவத்துல அடிக்க ஓங்கியிருக்கார். அதுல எந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பார்த்ததில்லை. நீ ஹேர்பின்னோட மல்லுக்கட்டின கதையைப் படிச்சப்புறம்தான் மெஷின் உன் கையில இருக்குன்னு நம்பினேன். கோபமா இருப்பே. இரு. எனக்கு வேற வழி தெரியலை.

இப்போ பென் டிரைவ் அனுப்பியிருக்கேன். ரெண்டு அட்டைக்கு நடுவுல ஒட்டியிருக்கேன், பார்த்துப் பிரி. அதைச் சொருகிட்டு ஆன் பண்ணு. பண்ணின உடனே எஃப் 12-ஐத் தட்டிக்கிட்டே இரு, வீட்டுக்குள்ள ஆள் இருந்தும் கதவு திறக்கலைன்னா எப்படித் தட்டுவோம், அப்படி. கறுப்புத் திரையில ஒரு பட்டியல் வரும். யுஎஸ்பின்னு இருக்கிற வரிக்குப் போய் என்டரை அழுத்து. அப்புறம் 'முயன்று பார்', 'நிறுவு'ன்னு ரெண்டு கேட்கும். முயன்று பார்க்கவெல்லாம் வேண்டாம். நேரா நிறுவு. டிஸ்கை என்ன செய்யறதுன்னு கேட்டா, முழுசா அழிக்கச் சொல்லு. பழசையும் வச்சுக்கட்டுமான்னு ஒரு வழி காட்டும், அது பக்கமே போகாதே.

அவர் ஆபீஸ் போயிருக்கிற நேரமாப் பார்த்துச் செய். முடிஞ்சதும் 'அழிஞ்சது'ன்னு ஒரே ஒரு வரி எழுதிப் போடு.

அண்ணி


ஜூலை 2

அண்ணிக்கு,

எஃப் 12-ஐ முதலில் தாமதமாகத் தட்டினேன், பழைய பாஸ்வேர்டு திரை வந்து நின்றது. அணைத்து மறுபடி தட்டினேன். ஒரு வழியாகக் கறுப்புப் பட்டியல் வந்தது. நீங்கள் சொன்ன இரண்டு வழியும் வந்தன. நான் 'முயன்று பார்' என்பதை அழுத்தினேன்.

உங்கள் பேச்சை மீற வேண்டுமென்று இல்லை. ரிப்பேர்க் கடைக்காரர் சொல்லியிருந்தார், பழைய மெஷினில் கீபோர்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்காமல் எதையும் அழிக்கக் கூடாது, அப்புறம் இதுவும் இல்லை அதுவும் இல்லை என்று ஆகிவிடும் என்று. எனக்கு இருப்பது இந்த ஒரு மெஷின்.

புதுத் திரை வந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. கீபோர்டு வேலை செய்தது. ஓரத்தில் ஒரு டிஸ்க் படம் இருந்தது, அதைத் தொட்டேன். பாஸ்வேர்டு கேட்கும் என்றுதான் நினைத்தேன். கேட்கவில்லை அண்ணி. உங்கள் பழைய டிஸ்க் அப்படியே திறந்துகொண்டது. உங்கள் கோப்புறைகள் வரிசையாக நின்றன. உடனே மூடிவிட்டேன். ஒன்றையும் திறக்கவில்லை. ஆனால் பெயர்களைக் கண் படித்துவிட்டது. ஒன்றின் பெயர் 'பிறகு'.

முயன்று பார்க்க வேண்டாம் என்று நீங்கள் ஏன் சொன்னீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அண்ணன் சாப்பிட வந்தபோது நான் படாரென்று மூடியதைப் பார்த்துவிட்டார். நேராக ரிப்பேர்க் கடைக்குப் போய் விசாரித்திருக்கிறார். பென் டிரைவ் இருந்தால் பாஸ்வேர்டு இல்லாமலே பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டார். திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்து சொன்னார்:

'ஊமைக்கோட்டான் மாதிரி முழிக்காதே. திறந்து காட்டு. காட்டினா லேப்டாப் உனக்கு, பிரஸ் வேலைக்குப் போ. அழிச்சியோ, அதுல என்னவோ இருந்ததுன்னு நீயே சாட்சி சொன்ன மாதிரி. முதல் தேதியிலேர்ந்து செருப்புக் கடை.'

கடையில் நிற்பதற்காக எனக்குப் புதுச் செருப்பும் வாங்கி வந்திருக்கிறார். நல்ல செருப்புதான். அளவும் சரியாக இருக்கிறது. அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

பென் டிரைவைத் தையல் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். அதில் அப்படி என்ன இருக்கிறது அண்ணி? அழிக்க ஏன் இவ்வளவு அவசரம்?

குண்டூசி


ஜூலை 7

குண்டூசி,

எதையும் கேட்காதே. இந்தக் கடிதம் கிடைச்ச உடனே டிஸ்க்கை அழி. அவர் பார்த்துட்டாரா? நீ பார்த்தியா? ஒண்ணையும் திறக்கலைன்னு எழுதியிருக்கே, 'பிறகு'ங்கிற பெயரை மட்டும் ஏன் குறிப்பா எழுதினே? அங்கே இருக்கிற அத்தனை பெயர்ல அது ஒண்ணுதான் கண்ணுல பட்டுச்சா?

உன்னை நம்பி அனுப்பினேன். பென் டிரைவைக் கொடுத்து நானே கதவைத் திறந்து விட்ட மாதிரி ஆயிடுச்சு. செருப்பு வாங்கிக் கொடுத்ததும் மனசு மாறிடுச்சோ என்னவோ.

அழிஞ்சதுன்னு எழுது. வேற எதுவும் எழுத வேண்டாம்.


ஜூலை 12

அண்ணிக்கு,

அழிக்கவில்லை. திறக்கவும் இல்லை. இந்தக் கடிதம் செருப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. கடிதத்துக்குக் கீழே, துண்டில் சுற்றி இருப்பது உங்கள் டிஸ்க்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் யாருக்கும் தெரியாது, அதனால் எழுதுகிறேன். அண்ணன் திறக்கச் சொல்கிறார், நீங்கள் அழிக்கச் சொல்கிறீர்கள். அழித்தால் அவர் காலம் பூரா, அதில் என்னவோ இருந்தது என்றே சொல்லிக்கொண்டிருப்பார். திறந்தால் நீங்கள் என்னை மன்னிக்கமாட்டீர்கள். எதைச் செய்தாலும் விரல் என்னுடையது.

லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு சின்னப் பலகை மாதிரி இருந்தது, அதில் இரண்டு திருகாணி. தையல் மெஷின் பெட்டியில் உள்ள சின்னத் திருப்புளி அதற்குச் சரியாக உட்கார்ந்தது. திறந்தால் டிஸ்க். மெதுவாக இழுத்தேன், வந்துவிட்டது. சிடி டிரைவ் இல்லாத லேப்டாப் இப்போது டிஸ்க்கும் இல்லாத லேப்டாப். ஆனாலும் பென் டிரைவைச் சொருகினால் ஓடுகிறது.

சாயங்காலம் அண்ணன் வந்தார். நானே ஆன் பண்ணி அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் எங்கெங்கோ அழுத்தித் தேடினார். எங்கே என்றார். 'அது அண்ணியோடது. எடுத்து வச்சிருக்கேன். நாளைக்கு அனுப்பிடுவேன்' என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் வந்துவிட்டது. அவர் என்னையே பார்த்தார். கத்துவார், டிஸ்க்கைப் பிடுங்குவார் என்று பயந்தேன். துண்டோடு அதை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர், 'நீ பார்த்தியா?' என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

நீங்கள் இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். ஒரே மாதிரிதான் நம்பாமலும் இருக்கிறீர்கள்.

'பிறகு' என்ற பெயரை எழுதியதற்குக் காரணம் கேட்டீர்கள். பார்த்ததை மறைத்தால் அதுவும் பொய்தானே என்று எழுதினேன். மற்றப் பெயர்கள் ஞாபகம் இல்லை. இது நல்ல பெயராக இருந்தது.

நீங்கள் என்னை நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை. உங்களுடையது உங்களிடம் வந்து சேர்ந்தால் போதும்.

குண்டூசி


ஜூலை 21

அண்ணிக்கு,

பெட்டி வந்து சேர்ந்ததா? ஒரு வரியும் காணோமே.

கோபமாக எழுதிவிட்டேன், அதற்காக அல்ல இந்தக் கடிதம். லேப்டாப்பை அணைத்தால் அடித்ததெல்லாம் போய்விடுகிறது. பென் டிரைவில் எதுவும் தங்குவதில்லை. ஒரு முழுப் பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு அணைத்துப் போட்டேன், திறந்தால் வெள்ளையாக இருக்கிறது. டிஸ்க் இல்லாமல் பிரஸ் வேலை செய்ய முடியாது. ரிப்பேர்க் கடையில் பழைய டிஸ்க் எதுவும் கைவசம் இல்லை என்றார்கள். அனுப்பும்போது இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அனுப்பியிருப்பேன் என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பிரஸ்காரர் மாதம் முடியும்வரை பார்ப்பாராம். செருப்புக் கடைக்காரர் நேற்று வீட்டுக்கு வந்து என்னிடம், எங்கே, வாங்க சார் உட்காருங்க சார் சொல்லு பார்க்கலாம் என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

குண்டூசி


ஜூலை 22

குண்டூசி,

பெட்டி வந்து சில நாளாச்சு. உடனே பதில் எழுதலை. ஏன்னு சொல்லிடறேன், இல்லாட்டி இந்த டிஸ்க்கைத் திருப்பி அனுப்ப எனக்கு யோக்கியதை இல்லை.

லேப்ல ஒரு மெஷின்ல மாட்டி, ஒவ்வொரு கோப்பையும் கடைசியா எப்போ திறந்திருக்குன்னு தேதி பார்த்தேன். உட்கார்ந்து ஒண்ணொண்ணாப் பார்த்தேன். எல்லாத்துக்கும் நான் வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முந்தின தேதிதான். நீ எதையும் தொடலை. உன்னை சிடியை வச்சு சோதிச்சது பத்தாதுன்னு தேதியை வச்சும் சோதிச்சேன். பாஸாயிட்டே. நான்தான் பெயில்.

நீ கேட்டுட்டு அப்புறம் கேட்கறதை விட்டுட்டே. அதனால சொல்றேன். 'பிறகு'க்குள்ள இருந்தது படங்கள். வாடகைக்கு விடற அறைகளோட படங்கள். ஜன்னல் ஓரமா அடுப்பு மேடை இருக்கிற அறை, ஒத்தைக் கட்டில் போட்ட அறை, கதவுக்குப் பின்னாடி பை மாட்ட ஒரு கொக்கி மட்டும் இருக்கிற அறை. எங்கே விளம்பரம் பார்த்தாலும் எடுத்துச் சேர்த்து வச்சிடுவேன். அந்தப் பெரிய சண்டையில கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டேன்னு உன் அண்ணன் நினைக்கிறார். சண்டைக்கு ரொம்ப முன்னாடியே நான் சேர்க்க ஆரம்பிச்சிட்டேன். அவரோட சிரிச்சுப் பேசிட்டு வந்து உட்கார்ந்து அறை பார்த்திருக்கேன்.

அவர் தேடறது ஒரு ஆளை. ஒரு படத்துலயும் ஆள் இல்லை. ஆள் இருந்தா அவன் மேல கோபப்பட்டுக்கலாம். காலி அறை மேல எப்படிக் கோபப்படறது? அதைத் தெரிஞ்சுக்கிட்டா அவருக்கு இன்னும் வலிக்கும்னுதான் அழிக்கச் சொன்னேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கிட்டேன். நிஜத்துல வெட்கம்.

இதை அவர்கிட்டே சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். உன்னை இனிமே எதுவும் செய்யச் சொல்றதா இல்லை.

டிஸ்க்கை நானே அழிச்சிட்டேன். இப்போ அது சுத்தமான காலி டிஸ்க், உன்னுது. எப்படி எடுத்தியோ அப்படியே மாட்டு. பென் டிரைவைச் சொருகி எஃப் 12. இந்தத் தடவை தைரியமா நிறுவு. மாசக் கடைசிக்குள்ள கிடைக்கணும்னு கூரியர்ல அனுப்பறேன். வெளியே அனுப்புநர் முகவரி எழுதியிருக்கேன், பார்த்துக்கோ.

அண்ணி


ஆகஸ்ட் 9

அண்ணிக்கு,

இதை உங்கள் லேப்டாப்பில் அடிக்கிறேன். பிரஸ்காரர் அச்செடுத்துக் கொடுத்தார். சுழி அதிகமான கொம்பு இதில் கிடையாது. இது நான்தானா என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். வந்தால் தப்பில்லை. உங்கள் சிடியை ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வெயில் பட்டால் சுவரெல்லாம் வெளிச்சம் ஓடுகிறது, புறா வருவதில்லை. இது வேறு யாருக்கும் தோன்றாது என்று நினைக்கிறேன்.

என் கடைசிக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கும் முன்பே நீங்கள் அனுப்பிவிட்ட டிஸ்க், மாதக் கடைசிக்கு முந்தின நாள் வந்தது. மாட்டினேன். நிறுவும்போது பாதியில் அப்படியே நின்றுவிட்ட மாதிரி இருந்தது, எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன், அது பாட்டுக்கு முடித்துக்கொண்டது. தமிழ் கீபோர்டைத் தேடிப் போடத்தான் நேரமானது. அணைத்துவிட்டுத் திறந்தேன். அடித்து வைத்த வரி அங்கேயே இருந்தது. புதுப் பாஸ்வேர்டு வைத்திருக்கிறேன். உங்களுக்கும் சொல்லமாட்டேன்.

முதல் வேலை வந்துவிட்டது. பத்தாம் வகுப்பு கைடு. நான் எட்டிப் பார்க்காத வகுப்பு. அடித்துக்கொண்டே படிக்கிறேன். செருப்புக் கடைக்காரரிடம் அண்ணனே போய், வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். செருப்பைத் திருப்பித் தரவில்லை. பிரஸ்ஸுக்குப் போட்டுக்கொண்டு போகிறேன்.

அவரிடம் சொன்னேன். கவரில் இருந்த உங்கள் முகவரியை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அப்போது தோன்றியது, சொல்லிவிட்டேன். எல்லாம் காலி அறைகள் என்று. யாருமே இல்லையா என்றார். இல்லை என்றேன். இந்த முறை நம்பினார். நம்பியதும் அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. நீங்கள் சொன்னது சரிதான், ஆள் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கவரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எப்போதிலிருந்து என்று கேட்டார். அதை அண்ணியைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

மறுநாள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, 'ஒரு லெட்டர் அடிக்கணும். நான் சொல்றேன், நீ அடி. மேற்படி...' என்று ஆரம்பித்தார்.

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். 'நீங்களே எழுதுங்க அண்ணா. இனிமே உங்க பேச்சு என் கையால வராது' என்றேன். கூட்டிச் சொல்லவில்லை, இவ்வளவையும் வாய்விட்டுச் சொன்னேன்.

கோபப்படவில்லை. எழுந்து போய்விட்டார். அவர் இன்னும் எதுவும் எழுதவில்லை. எழுதுவாரா என்றும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வெள்ளைத் தாள் கட்டும் புதுப் பேனாவும் வாங்கி வந்து மேஜையில் வைத்திருக்கிறார். நேற்று ஆபீஸ் விட்டு வந்ததும் உட்கார்ந்து, பேனா எழுதுகிறதா என்று கையில் ஒரு கோடு கிழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குண்டூசி